இளம் சாஃப்ட்பால் பிட்ச்சர்களின் கையைக் காப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆட்டத்தில், மட்டையாளரை நோக்கிப் பந்து வீசும் பிட்ச்சர்கள் கையைக் கீழிருந்து சுழற்றித்தானே வீசுகிறார்கள்? பேஸ்பாலைப் போலத் தோளுக்கு மேலிருந்து வீசினால்தானே கை கெடும்?

பெற்றோரிடமும் பயிற்சியாளர்களிடமும் பல தலைமுறைகளாக இருந்துவரும் நம்பிக்கை இது. சாஃப்ட்பால் பிட்ச்சர்களுக்கு நேரும் தீங்கில் பெரும்பகுதிக்கு இந்த நம்பிக்கைதான் வழிவிடுகிறது என்பது என் கருத்து. விண்ட்மில் (காற்றாலை) எனப்படும் இந்தச் சுழல்வீச்சில் கை தலைக்கு மேலே எழுந்து, பின்பக்கமாகச் சுற்றிக் கீழிறங்கி, இடுப்பருகே பந்தை விடுகிறது. அந்தக் கடைசி அரைச் சுற்றில் கையின் வேகம் உச்சத்தை எட்டும்போது, மேற்கை எலும்பைத் தோள் மூட்டிலிருந்து வெளியே இழுக்கும் விசை உண்டாகிறது. தேர்ந்த பெண் பிட்ச்சர்களை அதிவேகக் கேமராக்களால் படம்பிடித்து 1998-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, தோளும் முழங்கையும் தாங்கும் இந்த விசை பிட்ச்சரின் உடல் எடையை நெருங்குகிறது என்றும், பேஸ்பால் வீச்சில் காணப்படும் அளவுகளோடு ஒப்பிடத்தக்கது என்றும் காட்டியது.

அந்த இழுவையை எதிர்த்து மூட்டைப் பிடித்து வைக்கும் வேலையில் பெரும்பங்கு மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸைச் சேர்கிறது. அதே நொடியில் முழங்கையின் அசைவைக் கட்டுப்படுத்த வேண்டியதும் அதே தசைதான். விண்ட்மில் வீச்சில் பைசெப்ஸ் மேல்வீச்சில் உழைப்பதைவிட அதிகமாக உழைக்கிறது என்பதைத் தசையின் மின் செயல்பாட்டை அளந்து 2009-இல் வெளிவந்த ஆய்வு உறுதிப்படுத்தியது. ஆகவே கீழ்வீச்சு கையை விட்டுவைப்பதில்லை. மேல்வீச்சில் முழங்கையின் உட்புறத் தசைநார் தாங்கும் சுமையின் இடத்தில், இங்கே தோளின் முன்பக்கம் சுமைதாங்கியாகிறது.

மிகைப்பயன்பாட்டுக் காயம் என்றால் என்ன?

கீழே விழுந்தோ பந்து பட்டோ ஒரே நொடியில் நேர்வது இதில் சேராது. ஒவ்வொரு வீச்சிலும் தசையிலும் தசைநாணிலும் எலும்பிலும் மிகச் சிறிய சேதம் உண்டாவது இயல்பு. போதிய ஓய்வு கிடைத்தால் உடல் அதைச் சரிசெய்துகொள்வதோடு, அந்த இடத்தை முன்னைவிட வலுவாகவும் ஆக்கிக்கொள்ளும். சரிசெய்யும் வேகத்தைச் சேதத்தின் வேகம் மிஞ்சிவிடும்போது அது காயமாகிறது. எந்தப் பந்தில் தொடங்கியது என்று பிள்ளையால் சொல்ல முடியாது. பெற்றோரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால், படிப்படியாக வருவதாலேயே, தடுப்பதற்கான அவகாசம் நமக்குக் கிடைக்கிறது.

எந்தெந்த இடங்களில் வலி வரும்?

தோளின் முன்பக்கம்தான் முதலிடம். பைசெப்ஸ் தசைநாண் தோள் மூட்டின் மேல் விளிம்பில் சென்று பொருந்துவதால், அங்கே அழற்சியும், மூட்டுக்கிண்ணத்தைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையத்தில் கிழிசலும் ஏற்படலாம். மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் சுழல்தசைகள் களைத்துப்போனால் தோளின் பின்புறத்திலும் தோள்பட்டை எலும்பைச் சுற்றியும் வலி வரும்.

அடுத்தது முன்கை. பந்தை விடும் தருணத்தில் பல பிட்ச்சர்கள் முன்கையை இடுப்போடு உரசவிடுகிறார்கள். மென்மையாக உரசுவது நுட்பத்தின் பகுதி. உடலை முன்கூட்டியே மூடிவிடுவதாலோ (பக்கவாட்டில் திறந்த இடுப்பை முன்னோக்கித் திருப்பிவிடுவதாலோ) தவறான கோணத்தாலோ கை இடுப்பில் ஓங்கி மோதுமானால், முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பான அல்னா நாள்தோறும் நூறு முறை அடிபடுகிறது. இந்த எலும்பில் நுண்முறிவு வருவது சாஃப்ட்பால் பிட்ச்சர்களிடம் மருத்துவர்கள் பதிவு செய்துள்ள ஒன்று. கையின் உட்புறத்தில் நாள்பட்ட சிராய்ப்போ கன்றலோ தெரிந்தால், வீச்சைப் பக்கவாட்டிலிருந்து படம்பிடித்துப் பாருங்கள்.

மணிக்கட்டுத் தசைநாண்களும், முழங்கையின் உட்புறமாகச் செல்லும் நரம்பும் பாதிக்கப்படுவதுண்டு. மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் மரத்துப்போன உணர்வு நரம்புப் பாதிப்பின் அடையாளம். கீழ்முதுகையும், பாய்ந்து ஊன்றும் காலின் முழங்காலையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இடுப்பு திறந்து மூடும் அசைவு முழுவதும் முதுகைத் திருகுகிறது; ஊன்றிய கால் ஓட்டத்தை ஒரே அடியில் நிறுத்த வேண்டியிருக்கிறது. வளரும் வயதில் பல வாரங்களுக்கு நீடிக்கும் கீழ்முதுகு வலியை, குறிப்பாகப் பின்னோக்கி வளையும்போது கூடும் வலியை, முதுகெலும்பின் நுண்முறிவு இல்லை என்று தெரியும்வரை வெறும் தசைப்பிடிப்பாகக் கருதிவிடக் கூடாது.

பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதலா?

ஆம். பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனைகளில், இன்னும் எலும்பாக இறுகாத வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. சுற்றியுள்ள தசைநாரைவிட அவை பலவீனமானவை என்பதால், பெரியவர் ஒருவருக்குத் தசைநாரைக் கிழிக்கக்கூடிய இழுவை, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டையே விலகச் செய்யலாம். மேற்கையின் மேல்முனையில் இப்படி நேரும்போது தோளுக்குக் கீழே, கையின் வெளிப்புறத்தில், வீசும்போது வலிக்கும். பல மாத ஓய்வில் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகக்கூடியது இது. கவனிக்காமல் தொடர்ந்து வீசினால் வளர்ச்சியையே பாதிக்கக்கூடியதும் இதுவே.

இன்னொன்று: ஓராண்டில் வேகமாக உயரம் கூடும் பருவத்தில் எலும்பு முந்திக்கொள்ள, தசையின் வலிமையும் ஒருங்கிணைவும் பின்தங்குகின்றன. நேற்றுவரை சரியாக வந்த வீச்சு திடீரெனத் தடுமாறும். இந்த மாதங்களில் பிள்ளையை அதிகம் வீசவைத்து ‘சரிசெய்ய’ முயல்வது பொதுவாகக் காணப்படும் தவறு. அப்போது எண்ணிக்கையைக் குறைப்பதுதான் முறை.

வீச்சுத் தூரமும் இதே வயதுகளில்தான் கூடுகிறது. 10 வயதுக்கு உட்பட்டோருக்கு 35 அடி, 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 40 அடி, அதற்கு மேல் 43 அடி என்பது அமெரிக்க இளையோர் ஆட்டங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. பந்தின் சுற்றளவும் 11 அங்குலத்திலிருந்து 12 அங்குலமாகப் பெரிதாகிறது. ஒரு பிரிவிலிருந்து மேல் பிரிவுக்குச் செல்லும் முதல் சில வாரங்களில், ஆண்டு முழுவதும் வீசிப் பழகிய அதே எண்ணிக்கையைத் தொடர்வது நியாயமில்லை.

ஒரு நாளில் எத்தனை பந்துகள் வீசலாம்?

அமெரிக்க இளையோர் அமைப்பான லிட்டில் லீக் பேஸ்பால் 2007-இல் இன்னிங்ஸ் கணக்கைக் கைவிட்டுப் பந்துகளை எண்ணத் தொடங்கியது. 2014-இல் வயதுவாரியான பொது வழிகாட்டுதலும் பேஸ்பாலுக்கு வந்தது. சாஃப்ட்பாலில் அத்தகைய ஒருமித்த விதி உருவாகவில்லை. சில அமைப்புகள் இன்னிங்ஸுக்கு வரம்பு வைக்கின்றன, சில எதையும் வைப்பதில்லை. இன்னிங்ஸ் கணக்கால் அதிகப் பயனில்லை. ஒரு இன்னிங்ஸ் ஒன்பது பந்துகளில் முடியலாம், நாற்பதும் ஆகலாம்; கைக்குத் தெரிவது பந்துகளின் எண்ணிக்கை மட்டுமே.

விளையாட்டு மருத்துவத்துக்கான அமெரிக்க எலும்பியல் சங்கம் தன் காயத் தடுப்பு இயக்கத்தின் வழியாக வெளியிட்ட பரிந்துரை, வேறு விதி இல்லாத இடங்களில் நல்ல தொடக்கப் புள்ளியாக அமையும். அதன்படி 8 முதல் 10 வயதினர் ஓர் ஆட்டத்தில் 50 பந்துகளும் ஒரு நாளில் 80 பந்துகளும் வீசலாம். 12 வயது வரையுள்ளோருக்கு ஆட்டத்துக்கு 65, நாளுக்கு 95. 13, 14 வயதினருக்கு ஆட்டத்துக்கு 80, நாளுக்கு 115. 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஆட்டத்துக்கு 100, நாளுக்கு 140. இந்த நாள் வரம்பு தொடர்ச்சியான முதல் இரண்டு நாள்களுக்கு மட்டும் பொருந்தும். மூன்றாம் நாளும் ஆட்டம் இருந்தால், 12 வயது வரையுள்ளோர் அன்று ஒரு பந்துகூட வீசக் கூடாது. 13, 14 வயதினருக்கு 80, அதற்கு மேற்பட்டோருக்கு 100 என அன்றைய வரம்பு குறைகிறது.

இவற்றை அடைய வேண்டிய இலக்காக எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இவை உச்சவரம்புகள். பருவத் தொடக்கத்தில் இருக்கும், அல்லது காய்ச்சலிலிருந்து மீண்ட பிள்ளைக்கு இவற்றில் பாதிகூட அதிகமாக இருக்கலாம்.

பயிற்சியில் வீசுபவையும் கணக்கில் வருமா?

வரும். ஆட்டத்துக்கு முந்திய தயாரிப்பில் முப்பது, நாற்பது, இன்னிங்ஸ்களுக்கு இடையே ஐந்தைந்து, தனிப் பயிற்சியாளரிடம் வாரம் இருமுறை, வீட்டு முற்றத்தில் அப்பாவோடு மாலை நேரத்தில் என்று வீசப்படும் பந்துகளைக் கூட்டினால், ஆட்டத்தில் வீசியவற்றை அவை எளிதாக மிஞ்சிவிடும். பிட்ச்சராக இல்லாத ஆட்டங்களில் அதே சிறுமி கேட்ச்சராகவோ (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) ஷார்ட்ஸ்டாப்பாகவோ (உள்களத் தடுப்பாளர்) நின்று மேல்வீச்சில் எறிவதும் அதே தோளால்தான். வீசும் நாளன்றே கேட்ச்சராகவும் நிற்கவைப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும்.

இந்தக் கணக்கை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். பள்ளி அணி, மன்ற அணி, தனிப் பயிற்சியாளர் என மூவரும் தத்தம் பங்கை மட்டுமே அறிவார்கள். முழுக் கூட்டுத்தொகை எவரிடமும் இருக்காது. எனவே அதைப் பெற்றோரே ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்லது. தேதி, வீசிய பந்துகள், மறுநாள் காலை கை எப்படி இருந்தது ஆகிய மூன்றும் போதும். வாரக் கூட்டுத்தொகை திடீரென ஒன்றரை மடங்காகும் இடங்களைப் பார்த்தாலே, வலி எங்கிருந்து வந்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

வார இறுதித் தொடர் போட்டிகளில் ஒரே நாளில் மூன்று நான்கு ஆட்டங்கள் வருகின்றன. என்ன செய்வது?

சாஃப்ட்பாலின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பேஸ்பால் அணிகள் பல பிட்ச்சர்களை மாற்றி மாற்றி இறக்க, இளையோர் சாஃப்ட்பால் அணி ஒன்றோ இரண்டோ பேரை நம்பியே களமிறங்குகிறது. சனிக்கிழமை காலை வென்றவள் மாலையும் வீசுகிறாள். ஞாயிறன்று இறுதியாட்டம் வந்தால் அதுவும் அவளுக்கே. தொடர்ந்த நாள்களில் வீசும் இளம் பிட்ச்சர்களின் தோள் வலிமையை அளந்த ஆய்வுகள், ஆட்டத்துக்கு ஆட்டம் வலிமை குறைவதையும், இரவு ஓய்வுக்குப் பிறகும் அது முழுமையாகத் திரும்பாமல் மறுநாள் வலியும் களைப்பும் கூடுவதையும் காட்டியுள்ளன.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உயெனோ ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களில் 318 பந்துகள் வீசி, மறுநாள் இறுதியாட்டத்தையும் வீசி, இரு நாள்களில் 413 பந்துகளுடன் தங்கம் வென்ற கதையை இந்த இடத்தில் யாராவது நினைவூட்டுவார்கள். வியக்கத்தக்க சாதனைதான். அப்போது அவருக்கு வயது 26. எலும்பு வளர்ச்சி முடிந்து, தொழில்முறைப் பயிற்சியும் மருத்துவக் குழுவும் உடனிருந்த ஒருவர், தன் விளையாட்டு வாழ்வின் உச்ச ஆட்டத்தில் எடுத்த முடிவு அது. 11 வயதுச் சிறுமியின் சனிக்கிழமைக்கு அது முன்னுதாரணமாகாது.

செய்யக்கூடியது இது: பருவம் தொடங்கும் முன்பே குறைந்தது மூன்று பேரையாவது வீசப் பழக்குங்கள். வலுவற்ற எதிரணியோடு ஆடும்போது மூன்றாம் பிட்ச்சரை இறக்கத் துணியுங்கள். சில ஓட்டங்கள் போகட்டும். யார் எத்தனை பந்து என்பதைப் போட்டிக்கு முன்பே எழுதி, அந்தத் தாளை ஆட்டத்தில் உணர்ச்சிவசப்படாத ஒருவரிடம் கொடுங்கள். வரம்பை எட்டியதும் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. ஆறாம் இன்னிங்ஸில், ஒரு ஓட்ட முன்னிலையில், அந்த முடிவைப் பயிற்சியாளரிடம் விட்டால் அவர் என்ன செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆண்டில் எவ்வளவு ஓய்வு தேவை?

வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நாள்கள் முழு ஓய்வும், ஆண்டில் மொத்தமாக மூன்று மாதங்களாவது அந்தக் குறிப்பிட்ட விளையாட்டிலிருந்து விலகியிருப்பதும் வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடு. மூன்று மாதங்களையும் சேர்த்து எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமாகப் பிரித்தும் எடுக்கலாம். இந்த நாள்களில் நீச்சல், ஓட்டம், கால்பந்து என வேறெதிலும் ஈடுபடலாம். படுத்திருக்க வேண்டியதில்லை, வீசாமல் இருந்தால் போதும். ஒரே பருவத்தில் இரண்டு அணிகளுக்கு வீசுவதை நான் எந்த வயதிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

சாதாரண அசதியையும் காயத்தின் தொடக்கத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

வீசிய மறுநாள் தசை முழுவதும் பரவலாகக் கனத்து, உடலைச் சூடேற்றியதும் குறைந்து, ஓரிரு நாளில் மறைவது அசதி. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலிப்பது, வீசவீசக் கூடுவது, இரவில் உறக்கத்தைக் கெடுப்பது, தலைவாரவோ பையைத் தூக்கவோ முடியாமல் செய்வது, மரத்துப்போதல், வீக்கம் ஆகியவை காயத்தின் அறிகுறிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் வீசுவதை அன்றே நிறுத்த வேண்டும். சில நாள் ஓய்வுக்குப் பின்னும் தொடர்ந்தால், விளையாட்டுக் காயங்களில் பழக்கமுள்ள எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மரத்துப்போதலோ எலும்பின் மேல் அழுத்தினால் வலியோ இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

பிள்ளை எதுவும் சொல்லாவிட்டாலும் வீச்சு சொல்லிவிடும். வேகம் குறையும், பந்துகள் உயரமாகப் போகும், ஊன்றும் அடி குறுகும், உடல் முன்பக்கமோ பக்கவாட்டிலோ சாயும், பந்துகளுக்கிடையே கையை உதறுவாள். பந்துகள் வரம்புக்கு உட்பட்டிருந்தாலும் இவற்றைப் பார்த்ததும் மாற்றிவிடுங்கள்.

பனிக்கட்டி வைத்து, வலி மாத்திரை கொடுத்து ஆடவைக்கலாமா?

பனிக்கட்டி வலியைச் சற்று நேரம் மட்டுப்படுத்தும், சேதத்தைச் சரிசெய்யாது. ஆட்டத்துக்கு முன் வலி மாத்திரை கொடுப்பது கூடாது. எச்சரிக்கும் ஒரே வழியை அடைத்துவிட்டு மேலும் எண்பது பந்துகளை வீசச்செய்வதாகவே அது முடியும்.

எந்த உடற்பயிற்சிகள் உதவும்?

கையைவிட இடுப்பும் காலும் முதலில். வீச்சின் வேகம் தரையைத் தள்ளும் காலில் பிறந்து, இடுப்பு, உடற்பகுதி, தோள்பட்டை எலும்பு வழியாகக் கைக்கு வந்து சேர்கிறது. பிட்டத் தசைகள் வலுவின்றி இருந்தால் குறையும் விசையைத் தோள் ஈடுகட்டப் பார்க்கும். ஒற்றைக் காலில் நின்று மெல்ல அமர்ந்து எழும்போது முழங்கால் உட்பக்கம் சரிகிறதா என்று பாருங்கள். சரிந்தால், பிட்டத் தசைகளை வலுப்படுத்துவதில் தொடங்க வேண்டும். பிறகு பலகை நிலைப் பயிற்சிகள், ரப்பர் பட்டையால் தோளைச் சுழற்றும் பயிற்சிகள், தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுக்கும் படகுத் துடுப்பு அசைவுகள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, இருபது நிமிடம் போதும்.

ஆட்டத்துக்கு முன் மெல்லோட்டமும் அசைவோடு கூடிய நீட்டல்களும் செய்து உடல் வியர்த்த பிறகே பந்தைத் தொட வேண்டும். பந்து வீசித்தான் உடலைச் சூடேற்றுவது என்னும் பழக்கம், கணக்கில் வராத பந்துகளைக் கூட்டுவதற்கே உதவுகிறது.

ரைஸ் பால் (மேலெழுவதுபோல் வரும் பந்து), கர்வ் பால் (பக்கவாட்டில் வளையும் பந்து) ஆகியவற்றை எந்த வயதில் தொடங்கலாம்?

வயதைக் காட்டிலும் வரிசைதான் முக்கியம். நேரான வேகப் பந்தைச் சீரான அசைவோடு வீசக் கற்று, அடுத்து சேஞ்ச்-அப் எனப்படும் மெதுவான ஏமாற்றுப் பந்தைக் கையின் வேகம் குறையாமல் வீசப் பழகி, இவ்விரண்டும் களைத்த நேரத்திலும் கலையாமல் வரும்போது மற்றவற்றுக்குப் போகலாம். 10 வயதில் ஐந்து வகைப் பந்துகளைக் கற்றுத் தருவதாகச் சொல்லும் பயிற்சியாளரிடம், ஐந்தையும் பழக எத்தனை பந்துகள் வீச வேண்டியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

உணவுக்கும் உறக்கத்துக்கும் இதில் பங்குண்டா?

நிச்சயமாக. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும், அதற்குக் கீழ்ப்பட்ட பள்ளி வயதினருக்கு 9 முதல் 12 மணி நேரமும் உறக்கம் தேவை. செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாத சிறுமிகளிடம் மாதவிடாய் தவறுவதும் எலும்பு அடர்த்தி குறைவதும் சேர்ந்தே வரக்கூடும். நுண்முறிவுகளுக்கு அது நேர்வழி. மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் நின்றிருந்தால், பயிற்சியின் விளைவு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 9 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் தேவைப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

காயத்துக்குப் பிறகு எப்போது, எப்படித் திரும்புவது?

வலி நின்ற நாள் திரும்பும் நாளன்று. அன்றாட வேலைகளில் வலியின்றி, இரு தோள்களின் அசைவும் வலிமையும் ஏறத்தாழச் சமமாகி, மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ அனுமதித்த பின், ஒருநாள் விட்டு ஒருநாள் படிப்படியாகத் தொடங்க வேண்டும். முதலில் மணிக்கட்டு அசைவு மட்டும், பின் குறைந்த தூரத்தில் பாதி வேகத்தில் இருபது முப்பது பந்துகள், பின் தூரம், பின் எண்ணிக்கை, கடைசியில்தான் முழு வேகம். ஒரு படியில் வலி வந்தால் முந்திய படிக்குத் திரும்புங்கள். காயத்தின் தன்மையைப் பொறுத்து இதற்கே பல வாரங்கள் ஆகலாம்.

மகள் வலியைச் சொல்வதே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ஆம் என்றால் இடம் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, கை எங்கே கனமாக இருக்கிறது, நேற்றைவிட இன்று எப்படி, பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். ஆட்டம் முடிந்த உடனே காரில் கேட்பதைவிட மறுநாள் காலையில் கேட்பது நல்லது. வலி என்று சொன்ன நாளில் பயிற்சியாளர் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். அதைப் பருவத் தொடக்கத்திலேயே அவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சொன்னதற்காக அவள் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்திருந்தாலும், நலமானதும் அதே இடம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதை அணி முழுவதும் கேட்கும்படி அவரே சொல்லட்டும்.